பதினேழாவது கமெண்ட்

…அதுதான் அன்றைக்கே சொன்னேனே, இந்த ஆளுக்கு வேலை சுத்தம் கிடையாது என்று, யார் காதில் ஏறியது, இன்றைக்குத் திங்கட்கிழமை, பதினொரு மணி மீட்டிங்கில் மேனேஜர் என்னிடம் கேட்கப்போகிறார், இவரை டீமில் வைத்துக்கொள்ளலாமா என்று, நான் ‘வேண்டாம்’ என்றால் போதும், இன்றே அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும். ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் எழுதுகிறோம், விளையாட்டா இது? சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஒரே டாக்டரிடம், ஒரே நேரத்துக்கு ஆறு பேருக்கு இடம் கொடுத்திருக்கிறது, ஆறு பேரும் காய்ச்சலும் இருமலுமாக வந்து நின்று கவுன்டர் பெண்ணைப் பிடித்துக் கத்த, அவள் அழுதுகொண்டே எங்களுக்குப் போன் செய்தாள். எழுதியது யார்? எதிர்வரிசையில் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், எந்தக் கமெண்டுக்கும் ‘சரிங்க’ என்ற ஒரே பதில், அந்தச் சரிங்கதான். டீமில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்தது நான்.

எட்டு மாதமாக இவர் எழுதும் புரோகிராமைப் படிப்பது என் தலையெழுத்து. எங்கள் முறை அது, ஒருவர் எழுதினால் இன்னொருவர் வரிவரியாகப் படித்து, தப்பான வரிக்குப் பக்கத்தில் கமெண்ட் எழுதி, எல்லாம் திருந்திய பிறகு அப்ரூவ் செய்தால்தான் சாஃப்ட்வேருக்குள் போகும்… ஒரு இடத்தில் இரண்டு வரி இடைவெளி விடுவார், இன்னொரு இடத்தில் ஒன்றும் விடமாட்டார், பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துண்டைக் கோணலாகப் போட்டாலே சொல்லிக்காட்டுகிறவள் நான், ‘வீட்டுலயும் ரிவ்யூவா’ என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார், மகள் கட்டுரை எழுதினால் அப்பாவிடம்தான் கொண்டுபோகிறாள், போகட்டும், அவர் எதைக் காட்டினாலும் சூப்பர் என்பார், அதில் பிள்ளைக்கு என்ன லாபம்? இவருக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் நாற்பத்தொரு கமெண்ட் எழுதியிருக்கிறேன். அதைத் திரையில் போட்டால் போதும், யார் கவனம், யார் அலட்சியம் என்று மேனேஜருக்கே விளங்கிவிடும், எங்கே அந்தப் பக்கம்… இதோ.

ஒன்று, இடைவெளி. இரண்டு, பெயர் நீளம். மூன்று, மறுபடி இடைவெளி, எல்லாவற்றுக்கும் கீழே சரிங்க, சரிங்க… பதினேழு. ‘இடம் காலியா என்று மேலேயே பார்த்தாச்சே, சேமிக்கும் முன் மறுபடி எதற்கு? தேவையில்லாத வரி. எடுங்கள்.’ எழுதியது நான். கீழே சரிங்க. எடுத்திருக்கிறார்… எடுத்தேவிட்டார். மேலே பார்க்கிற நொடிக்கும் சேமிக்கிற நொடிக்கும் நடுவில் இன்னும் ஐந்து பேர் பட்டனை அழுத்தலாம், அதைத் தடுக்கத்தான் அந்த வரி, நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் அதைப் படிக்கவே இல்லை, கமெண்ட் நாற்பதைத் தாண்டுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சரி, அவருக்குத் தெரிந்திருக்கிறதே, தெரிந்துதானே எழுதினார், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? இருந்தது. மூன்றாம் மாதம் ஒருமுறை, அது அப்படி இல்லை என்று பொறுமையாக விளக்கி எழுதினார், நான் இன்னும் பன்னிரண்டு கமெண்ட் போட்டு ஒரு வாரம் அப்ரூவ் செய்யாமல் கிடப்பில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சரிங்க. இப்போது வாயைத் திறக்கலாமே, வேலை போகிற நேரத்திலாவது, அப்போதும் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்வது?

பத்து ஐம்பத்தாறு. அந்தப் பதினேழாவது கமெண்டின் ஓரத்தில் மூன்று புள்ளி, அழுத்தினேன், ‘நீக்கு’ என்று வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும், சும்மா பார்த்தேன். மேனேஜர் முடிந்துபோன கமெண்டையெல்லாம் திறந்து படிக்கிறவர் இல்லை… சரிங்கவின் மெயிலில் நகல் கிடக்கும், தோண்டி எடுக்கிற ஆளா இவர்? நாற்பது கமெண்டும் நல்ல எண்ணிக்கைதான். நிமிர்ந்தால் சரிங்கவே பக்கத்தில் நிற்கிறார், கையில் லேப்டாப், மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டார், கண் என் திரையில். மூட நேரமில்லை.

“அது இன்னும் இருக்கா?” என்றார்.

எது என்று கேட்டேன், தெரியாத மாதிரி.

“பதினேழு. சனிக்கிழமையே அழிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பேன். லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்கிற குரல். சொல்லிவிட்டு மீட்டிங் அறைக்கு நடக்கிறார், மேனேஜர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையும் பார்க்கிறார், வாங்க என்று தலையை அசைக்கிறார். என்னை இவ்வளவு கேவலமாகவா நினைத்தீர்கள் என்று கேட்கத்தான் எழுந்தேன், எழுந்தும் கை மவுஸை விடவில்லை, எட்டு மாதம் நான் இவரைப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு கமெண்ட்கூடப் போடாமல் இவர் என்னைப் படித்திருக்கிறார்… அவர் நினைத்ததில் தப்பு கிழமை மட்டும்தான்.