கடந்த ஏழு நாள்

"அதெல்லாம் ஒரு வேலையாமா? சைபர் போடும்மா நீ..."

"இன்னாத்துக்கு சைபர்? மேடவாக்கத்துல மூணு வூட்டுக்கு ஆக்கிப் போடறேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து..."

"சோறாக்கறது பொம்பளைங்க எங்கயும் செய்யறதுதான்! வேலைன்னா கம்பெனி வேலை. கார்டு இருக்கணும், ஷிப்ட் இருக்கணும்..."

"சார், அக்கா, ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க" என்றாள் சின்மயி. வேலை நேரக் கணக்கெடுப்புக்கு வந்தவள். கையில் டேப்லெட். "கடந்த ஏழு நாள்ல யார் எத்தனை மணி நேரம் வேலை செஞ்சீங்க, அவ்வளவுதான் கேள்வி. எல்லா வீட்டையும் சேர்த்து இந்த ஏரியாவுக்கு வார சராசரி எடுப்பாங்க. சம்பளத்துக்குச் சமைச்சா அதுவும் வேலைதான் சார்."

பக்தவச்சலம் கேள்வியைத் தன் பக்கம் திரும்ப விடாமல் பேசிக்கொண்டேயிருந்தான். காரணம் இருந்தது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் அவனை வேலையிலிருந்து நிறுத்திப் பதினோரு வாரம் ஆகிறது. மனைவி செல்லம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் ஆறு மணிக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புவான், இருட்டியபின் இரும்புலியூருக்குத் திரும்புவான். இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அகப்பட்டுக்கொண்டான். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

செல்லம்மா சட்டென்று அடங்கினாள். "சரி. எனக்கு சைபரே போடு பாப்பா."

"நிஜமாவா அக்கா?"

"வூட்டுக்காரர் சொல்றாரு இல்ல? போடு. இப்ப இவரைக் கேளு."

சின்மயிக்கு இன்னும் பதினாலு வீடு பாக்கி. போட்டாள். "சார், போன ஞாயிறு லீவா? சரி. திங்கள்?"

"எட்டு. எல்லா நாளும் எட்டுதான், பெருக்கிக்கம்மா."

"ஒவ்வொரு நாளாத்தான் சார் இதுல ஏறும்."

"எட்டாமே, எட்டு!" செல்லம்மா சிரித்தாள். "அன்னிக்கு ஓ.டி. பார்த்தேன்னு சொன்னியே?"

"ஆமா, ஓ.டி... பதினொண்ணு."

"செவ்வாய்?"

"அன்னிக்கு மிஷினு மக்கர் பண்ணிச்சு பாப்பா. இன்னா ஆச்சுன்னு சொல்லுய்யா, தெரிஞ்சிக்கட்டும்."

"பெல்ட் அறுந்துடுச்சு."

"யாரு மாத்தனது?"

"நான்தான்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாத்தான்."

"கேட்டியா பாப்பா? பன்னெண்டு போடு."

புதன் பத்து. வியாழன் பத்து. செல்லம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவனுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளி லீவும்மா" என்றான் பக்தவச்சலம், கொஞ்சம் தப்பித்துக்கொள்ளலாம் என்று.

"லீவா? அப்ப யூனிபார்மை மாட்டிக்கினு எங்கய்யா போன?"

"இல்ல இல்ல, அது அதுக்கு முந்தின வாரம். பதினொண்ணு."

"சனி?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் புருவத்தை உயர்த்தினாள், பரீட்சை வைக்கிறவள் மாதிரி.

"பன்னெண்டு" என்றான்.

"அறுபத்தாறு!" என்றாள் சின்மயி. "இந்தத் தெருவுலயே நீங்கதான் சார் ஜாஸ்தி. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா சராசரி எங்கேயோ போயிடும். சப்மிட் பண்ணிட்டா மாத்த முடியாது. சரியா இருக்கா?"

"இரும்மா..."

"இன்னா இரு? கொறச்சலா கீதா?"

பக்தவச்சலம் வாயைத் திறந்தான். செல்லம்மாவின் முகத்தில் இத்தனை நாள் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. பெருமை என்று நினைத்துக்கொண்டான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

"சரியாத்தான் கீது."

"அமுக்கு பாப்பா" என்றாள் செல்லம்மா.

சின்மயி அமுக்கினாள். இருவருக்கும் நன்றி சொன்னாள், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே அழைப்பு மணி அடிப்பது இங்கே கேட்டது.

பக்தவச்சலம் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். பயம் தணிந்து குரல் திரும்ப வந்திருந்தது.

"கணக்குன்னா இப்படித்தான், தெரிஞ்சிக்க. உழைக்கிறவன் உழைக்கிறான், நீ வூட்ல கீற. வர்ற வாரமும் வேலை ஜாஸ்திதான்."

செல்லம்மா முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஜாஸ்தியாத்தான்யா இருக்கும். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல நீ குந்திக்கினு கீற பெஞ்சுக்கு மேல ஃபேன் ஓடலியாமே, அங்க பெருக்கற ரத்தினபாய் சொல்லிச்சு. இத்தினி நாளும் உனக்கு வேர்க்கவே இல்லியா?"