அனுமதி பெற்ற பால்பவுடர்

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்புக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை முகம்மது ரிபாய்க்குச் சூதாட்டம் என்றால் ஆகவே ஆகாது. கடைக்குப் பின்னால் சீட்டாடிய நாலு பேரைத் துடைப்பக்கட்டையோடு விரட்டியவர். அப்படிப்பட்ட மனிதர்தான் 1996இல் பலதியாவுக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, ஏழு நடை நடந்து ஒரு பரிசுக் குலுக்கலுக்கு அனுமதி வாங்கினார். வேறு வழி இல்லை. புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட் வாடிக்கையாளர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. வியாபாரம் படுத்தால் லைசென்ஸை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன், பலதியாவிலிருந்து ஒரு புகார் வந்தாலும் அன்றைக்கே விசா கேன்சல் என்று கஃபீல், அதாவது விசாவும் லைசென்ஸும் கொடுத்த அரபி, சொல்லியிருந்தார். பதின்மூன்று வருட உழைப்பு அவர் கையெழுத்தில் தொங்கியது.

அனுமதிக் கடிதம் தெளிவாக இருந்தது. இருபது திர்ஹத்துக்குப் பொருள் வாங்கினால் ஒரு கூப்பன் இலவசம். கூப்பனைத் தனியாக விற்றால் அது சூதாட்டம், கடைக்குப் பூட்டு. ரிபாய் அதற்குக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். பரிசு, கலர் டிவி.

டிவியைப் பார்க்கக் கேம்பே வந்தது. பொருள் வாங்கத்தான் ஆளில்லை.

"மெஸ்ல சோறு போட்டுர்றான் பாய். இருவது திர்ஹத்துக்கு நான் என்னத்த வாங்குறது?" என்றான் சூளையில் வேலை பார்க்கும் அழகுமலை. "கூப்பன மட்டும் குடுங்க, அஞ்சு திர்ஹம் தாரேன்."

"அஸ்தஃபிருல்லாஹ். அது சூதுப்பா. எழுதி மாட்டியிருக்கேன்ல."

அன்று மத்தியானம் ரிபாய்க்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த அஞ்சு திர்ஹம் கண்ணிலேயே நின்றது. சாயங்காலம் அழகுமலையைக் கூப்பிட்டு ஒரு பால்பவுடர் டின்னைக் கையில் கொடுத்தார்.

"இத இருவதுக்கு வாங்கிக்க. பில்லும் கூப்பனும் ஒனக்கு. டின்னு வேணாம்னா பதினஞ்சுக்கு நானே எடுத்துக்குறேன்."

விற்பது ஹலால். வாங்குவதும் ஹலால். இரண்டு ஹலால் சேர்ந்தால் எப்படி ஹராமாகும்?

ஒரு மாதத்தில் அந்த ஒரே டின் அறுநூறு தடவை விற்றது. ஓரமெல்லாம் நசுங்கி, லேபிளில் சிரித்த குழந்தைக்கு மூக்கு அழிந்துபோனது. ரிபாயின் கையும் பழகிவிட்டது. இருபதை வாங்கு, கூப்பனைக் கிழி, பதினைந்தை வை, டின்னை அலமாரியில் ஏற்று. கஃபீலே ஒருநாள் கடைக்கு வந்து காவா குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

குலுக்கலை மேற்பார்வை பார்க்க வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து பலதியா அதிகாரி வந்தார். இளமையில் பம்பாயில் இருந்தவர், ஹிந்தி நன்றாகப் பேசுவார். அறுநூறு கூப்பனுக்கும் பில் இருந்தது, எல்லாம் பால்பவுடர் பில். எல்லாக் கடைக்காரரும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது என்று ரிபாயின் தோளில் தட்டினார். ரிபாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இத்தனை பேர் வாங்குகிற பால்பவுடர். என் பேரனுக்கும் ஒன்று கொடு" என்றார் அதிகாரி.

சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரிபாய் கெஞ்சிப் பார்த்தார். கடைக்காரரிடம் அன்பளிப்பு வாங்குவது சட்டப்படி தப்பு என்று அதிகாரி இருபது திர்ஹத்தை நீட்டினார். ரிபாய் வாங்கினார். கூப்பனைக் கிழித்தார். பதினைந்தை வைத்தார். டின்னை எடுத்து அலமாரியில் ஏற்றினார்.

ஏற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அதிகாரி ஒரு கையில் கூப்பனும் மறு கையில் பதினைந்து திர்ஹமுமாக நின்றார். "டின் எங்கே?"

ரிபாய் அலமாரியைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற அழகுமலைக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை நல்ல மனிதரைச் சந்தேகப்படுகிறாரே என்று முன்னால் வந்து, வேலை சைட்டில் கற்றுக்கொண்ட ஹிந்தியில் சாட்சி சொன்னான்: "பாய் யாரையும் ஏமாத்த மாட்டாரு சார். எல்லாருக்கும் பதினஞ்சுதான் திருப்பித் தருவாரு."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அதிகாரி அண்ணாந்து, கல்லாவுக்கு மேலே இருந்த அனுமதிக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு அதைக் கழற்ற ஒரு ஸ்டூல் கேட்டார். ரிபாயே கொண்டுவந்து போட்டு, அவர் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டார்.