பதினாலு இன்ச்

டைப்பிங் சென்டர் அஸ்கர் அலி மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, காகிதங்களை அவள் பக்கம் தள்ளினான். சம்யுக்தா பேனாவை எடுத்தாள். ஆனால் கையெழுத்துப் போடாமல் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் அந்தக் கடைக்கு வருகிற யாரும் படிப்பதில்லை. விசாவோ வாடகை ஒப்பந்தமோ, பாதி அரபியில் இருக்கும், பாதி ஆங்கிலத்தில் இருக்கும். குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கவுன்டருக்கு ஓட வேண்டியதுதான். இருபது வருஷமாக அவளும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். இது தகனத்துக்கான மனுதான் மேடம், வேறொன்றுமில்லை என்று அஸ்கர் அலி இந்தியில் மெதுவாகச் சொன்னான்.

தெரியும், ஆனாலும் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று அவளும் இந்தியில் சொன்னாள்.

இறந்தவர் பெயர் சேதுமாதவன். வயது எழுபத்தாறு. இறந்த நேரம் காலை ஆறு பத்து. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். காகிதங்களைக் கைப்பைக்குள் வைக்கும்போது, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பை விரலில் பட்டது. தொடாமல் நகர்த்தி வைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அந்தப் பைக்குள் அப்பாவின் முடி இருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் ஐசியூ வாசலில் ஒரு நர்ஸ் ஆறு காகிதங்களை நீட்டினாள். சம்யுக்தா அப்போது ஒரு காதில் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தாள். நர்ஸ் விரலால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பத்து நிமிஷப் பார்வை நேரத்தில் உள்ளே போனபோது, கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பதாக நினைத்துத் திரும்பினாள். தலை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. மூச்சுக் குழாயின் பட்டையில் முடி சிக்கிக்கொள்கிறது, பிடரியில் புண் வருகிறது, நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள் என்று நர்ஸ் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். நாலாவது காகிதம். கீழே அவளுடைய கையெழுத்து, வழக்கம்போல வால் நீட்டிக்கொண்டு.

நல்ல பெண் அந்த நர்ஸ். முடியைக் குப்பையில் போடாமல், பெயர் ஒட்டிய பையில் போட்டு வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு இது தெரியாது. இருமலும் காய்ச்சலுமாக இருந்ததால் கடைசி மூன்று நாள் அம்மா வசந்தகுமாரியை ஐசியூவுக்குள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: தலையைச் சீவி விட்டாங்களா? ம், என்றாள் சம்யுக்தா, ஒவ்வொரு முறையும். தம்பி ஷ்யாமிடம் மட்டும் சொன்னாள். அபுதாபியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டே அவன், "இட்ஸ் ஜஸ்ட் ஹேர், அக்கா. விடு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றும் சொன்னான்.

வெறும் முடி என்றால் யார் கவலைப்பட்டார்கள்?

அப்பா சென்னையில் பாலிடெக்னிக் படித்த நாளில் மூர் மார்க்கெட்டில் பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் எடைக்குக் கிடைக்கும். கப்பலில் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை. அப்பா சாப்பாட்டுக் காசில் அவற்றை வாங்கினார். நிலாவில் மனிதன் நின்ற படம், மழையில் நனைந்த மைதானத்தில் கிதார் கேட்கும் கூட்டம், துப்பாக்கிக்கு எதிரே பூவோடு நிற்கும் பெண், வியட்நாம் போர் வேண்டாமென்று தெருவை அடைத்து நடக்கும் நீள முடிப் பையன்கள். அந்த வருஷம் முடி வளர்க்கத் தொடங்கினார். ஊரில் எல்லோரும் அதை சினிமா ஆசை என்றார்கள். அப்பா வேறு காரணம் சொல்வார்.

"அங்க பசங்களைச் சண்டைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி முதல்ல முடியத்தான் வெட்டுவான். வெட்டிட்டா எல்லாப் பயலும் ஒரே மாதிரி ஆயிடுவான். அப்புறம் யாரை வேணும்னாலும் சுடச் சொல்லலாம்."

எழுபத்திரண்டில் தாத்தா இறந்தபோது மொட்டை போட மாட்டேன் என்றார். மொட்டை போடாதவன் கொள்ளி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, அப்பாவின் தம்பி வாசு வைத்தார். அந்தச் சண்டை ஐம்பது வருஷமாக ஆறாமல் கிடந்தது. பெல்பாட்டம் போயிற்று. போர் முடிந்தது. அந்தப் படங்களில் இருந்த அமெரிக்கப் பையன்களே முடியை வெட்டிக்கொண்டு வங்கி வேலைக்குப் போய்ப் பேரன் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவைக் கண்ணால் பார்க்காத அப்பா மட்டும் அதைக் குட்டையாக்கவில்லை. ஷார்ஜாவில் கட்டிட வரைபடம் போடுகிற வேலையில் முப்பத்தைந்து வருஷம், பின்னால் கட்டிய முடியோடேயே குனிந்து கோடு போட்டார். விசா கொடுத்த அரபி முதலாளியான கபீல் அவரைப் பார்க்கும்போதெல்லாம், உன்னை வேலைக்கு எடுத்தேனா, உன் மனைவியை எடுத்தேனா என்று சிரிப்பாராம்.

சம்யுக்தா சிரித்ததில்லை. ஏழாம் வகுப்பில் ஒருத்தி, உங்கப்பா பாட்டுக்காரரா என்று கேட்டாள். அன்று மாலை அப்பாவிடம், இனிமேல் ஸ்கூல் வாசலுக்கு வராதே, அடுத்த பில்டிங்கில் நில் என்றாள். மறுநாள் அப்பா அடுத்த பில்டிங்கில்தான் நின்றார். முடி முழுவதையும் ஒரு தொப்பிக்குள் திணித்திருந்தார்.

டைப்பிங் சென்டரிலிருந்து சம்யுக்தா வீட்டுக்கு வந்தபோது அம்மா புறப்பட்டுத் தயாராக சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அகலப்பல் சீப்பு, தேங்காய் எண்ணெய், முடியில் போடும் ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட்.

"எண்ணெய் எதுக்கும்மா?"

"ஃப்ரீசர்ல வச்சிருப்பாங்க. சிக்குப் பிடிச்சிருக்கும். சீவாம எப்படி அனுப்பறது?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை விழுந்தது. அன்றிலிருந்து அம்மாதான் சீவிப் பின்னி விட்டாள். மாலையில் கீழே மசூதியில் மக்ரிப் பாங்கு ஒலித்ததும் அம்மா சீப்பை எடுப்பாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவார். ஒரு நாளும் தவறியதில்லை.

திருச்சியிலிருந்து வாசு சித்தப்பா வீடியோ காலில் வந்தார். அழுதிருந்தார், முகம் வீங்கியிருந்தது. ஷ்யாம் மொட்டை போடுவானா என்று கேட்டார். அருகில் நின்ற ஷ்யாம் போடுவேன் என்றான். பிறகு சித்தப்பா குரலைத் தணித்து, "அண்ணி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அண்ணனுக்கும் முடியைக் கொஞ்சம் குறைச்சிட்டு காரியம் பண்ணலாமே. கடைசியாவது நம்ம வீட்டு மனுஷனா போகட்டும்" என்றார்.

அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். சித்தப்பா கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்று புடவையோடு பேசிக்கொண்டிருந்தார்.

காரில் சொல்லிவிடலாம் என்று சம்யுக்தா நினைத்தாள். ஷ்யாம் ஓட்டினான். அவள் அம்மாவோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. வாக்கியங்கள் பாதியிலேயே உதிர்ந்தன. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே தானாகப் பேசினாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. எங்கப்பா, மாப்பிள்ளை முடியை வெட்டிட்டு வந்தா மேற்கொண்டு பேசலாம்னாரு. நான் உள்ளேர்ந்து, அப்படியே வரட்டும்பான்னு சொன்னேன். சபையில நான் வாயைத் திறந்தது அது ஒரு தரம்தான்."

சம்யுக்தா இதைக் கேட்டதேயில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

பிணவறைக்கு வெளியே மூன்று நாற்காலிகள் இருந்தன. ஊழியர் காகிதங்களை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். அம்மா துணிப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சம்யுக்தாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா. அப்பாவுக்கு முடி இல்லம்மா."

அம்மா திரும்பினாள்.

"ஐசியூல வெட்டிட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காம போட்டுட்டேம்மா."

ஷ்யாம் தரையைப் பார்த்தான். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமா, புரியவில்லையா என்று தெரியவில்லை. கதவு திறந்தது. அம்மா சீப்போடு எழுந்து உள்ளே போனாள்.

வெள்ளைத் துணியை முகம் வரை விலக்கியிருந்தார்கள். குட்டை முடியோடு அப்பா வாசு சித்தப்பாவைப் போலவே இருந்தார். சுவரில் மாட்டியிருக்கும் தாத்தாவைப் போலவும் இருந்தார். யாராக ஆகிவிடக் கூடாது என்று ஐம்பத்தைந்து வருஷம் பிடிவாதம் பிடித்தாரோ, அவராகவே படுத்திருந்தார். அம்மா உள்ளங்கையை அந்தத் தலையில் வைத்தாள். முன்னும் பின்னுமாக ஒரு முறை தடவினாள். முட்கள் போல் குத்தியிருக்க வேண்டும். கையை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"முடி எங்க?"

சம்யுக்தா பையை எடுத்துக் கொடுத்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த பெயரை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். சுவரோரம் இருந்த இரும்பு ஸ்டூலை ஷ்யாம் இழுத்துப் போட்டான். அம்மா உட்கார்ந்து, வெள்ளையும் சாம்பலுமான அந்தக் கற்றையை மடியில் பரப்பினாள். அடியை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தடவினாள். நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தாள். ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வெளியே போய் நின்றுகொண்டார்.

மூன்றாகப் பிரித்துப் பின்னி முடித்து, இரண்டு முனையையும் கட்ட அம்மாவிடம் ஒரே பேண்ட்தான் இருந்தது. அடியில் அதைப் போட்டாள். நுனிக்கு, புடவைத் தலைப்பிலிருந்து ஒரு நூலைப் பிரித்துச் சுற்றினாள். வழக்கமாக அவர் போட்டுக்கொள்வது போல இடது தோளின் மேல், காதுக்குக் கீழேயிருந்து மார்பு வரை பின்னலைக் கிடத்தினாள். சம்யுக்தாவைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

தகன மண்டபத்தில் கௌஸ் முகம்மது காத்திருந்தார். ரோலாவில் சலூன் வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர். ஷ்யாமுக்கு மொட்டை போட அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கடையை மூடிவிட்டு வந்திருந்தார். பெட்டியருகே போய் நின்றவர், முதலில் தலையைப் பார்த்தார், அப்புறம் பின்னலைப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வருவாரும்மா" என்றார் அம்மாவிடம். "முப்பத்திரண்டு வருசம். கையில ஸ்கேல் கொண்டாருவாரு. கௌஸ், பதினாலு இன்ச், கூடவும் வேணாம், குறையவும் வேணாம்பாரு. எங்க கடையில ஸ்கேல் வச்சு முடி வெட்டிக்கிட்டவரு அவர் ஒருத்தருதான்."

"இப்பவும் பதினாலுதான் இருக்கும்" என்றாள் அம்மா.

கௌஸ் முகம்மது சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்தார். அப்பா எப்போதோ அவர் கடையிலேயே விட்டுவிட்டுப் போனது. அளக்கவில்லை. பின்னலுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு ஷ்யாமைக் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

சித்தப்பா மறுபடியும் வீடியோவில் வந்தார். சம்யுக்தா போனைப் பிடித்துக் காட்டினாள். அண்ணனின் தலையைப் பார்த்ததும் அவர் உடைந்து அழுதார். "வெட்டிட்டீங்களா அண்ணி. அண்ணன் அப்பா மாதிரியே இருக்காரு. எனக்கு இது போதும்."

அம்மா போனைக் கையில் வாங்கினாள். யார் கையெழுத்துப் போட்டது என்பது இப்போது வெளியே வந்துவிடும் என்று சம்யுக்தா நினைத்தாள்.

"நாங்க வெட்டலை வாசு" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரில வைத்தியத்துக்காக எடுத்தாங்க. முடி அவரு கூடத்தான் போகுது. பாத்துக்க." போனைத் தாழ்த்திப் பின்னலைக் காட்டினாள். சித்தப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். சரி அண்ணி என்றார் கடைசியில்.

மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்ட ஷ்யாம் வந்து நின்றான். தகன உலையின் கதவு திறந்து மூடியது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகத் தலைக்குக் குளித்தார்கள். ஷ்யாம் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடியே ஹாலில் தூங்கிப் போனான். எதிர் பிளாட்டுக்காரர்கள் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தார்கள். யாரும் திறக்கவில்லை. சம்யுக்தா தன் கையிலிருந்த ஃபைலை எடுத்து, போட வேண்டிய கையெழுத்து இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. மூடி வைத்தாள்.

கீழே மசூதியில் பாங்கு ஒலித்தது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் சீப்பு இருந்தது. ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சம்யு. வா, உக்காரு."

பத்தாம் வகுப்புக்குப் பிறகு அம்மா அவளுக்குத் தலை சீவியதில்லை. சம்யுக்தா போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சீப்பின் பற்களில் இரண்டு வெள்ளை முடி சிக்கியிருந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. ஈரம் போகத் துவட்டி, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்தாள். விரல்கள் அவசரப்படவில்லை. எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது.

பின்னல் முடிந்தது. அம்மா மடியைத் தடவிப் பார்த்தாள், ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"ரப்பர் பேண்டை அவருக்குப் போட்டுட்டேனே" என்றாள்.

"என் ரூம்ல இருக்கும்மா. எடுத்துட்டு வரட்டுமா?"

அம்மா பின்னலின் நுனியை விரல்களுக்குள் இறுகப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சம்யுக்தா எழுந்திருக்கவில்லை.