நான்காம் வரிசைக்கு முன்னால் ஓடிய ரூபிகான்

தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு மேங் சுனோக் டீச்சர் காலணியைக் கழற்றி வகுப்புச் செருப்பை மாட்டுவார், பிள்ளைகளின் கைப்பேசிகளைக் கூடையில் வாங்கி வைப்பார், பிறகு மூன்றாம் வரிசைக்கும் நான்காம் வரிசைக்கும் இடையே ஓடும் ஆற்றில் இரவு சேர்ந்த சருகுகளை அள்ளி வெளியே கொட்டுவார். ஆறு மார்ச் மாதம் வந்தது. ஆங்கிலப் பாடத்தில் ‘ஒருவன் ரூபிகானைக் கடந்தான்’ என்ற வரியை ஒரு மாணவி வாசித்து முடித்ததும் தரை நனைந்தது. கொரியத் துறைமுக ஊரான மோக்போவின் அந்தப் பெண்கள் பள்ளியில் யாரும் பதறவில்லை. போன வருடம் ‘அக்கிலீஸின் குதிகால்’ என்ற சொல்தொடர் வந்த பாடத்தில் வகுப்பே ஒரு வாரம் நொண்டியது. பொருள் புரிந்த அன்று நொண்டல் நின்றது.

ரோமானியத் தளபதி ஒருவன் படையோடு அந்தச் சிற்றாற்றைத் தாண்டினான், அதன்பின் போர்தான் என்று டீச்சர் விளக்கினார். பிள்ளைகள் ‘திரும்ப முடியாத முடிவு’ என்று ஐம்பது தடவை எழுதி மனப்பாடம் செய்தார்கள், முழு மதிப்பெண் வாங்கினார்கள், ஆற்றில் வாழைப்பழப் பால் குளிர வைத்தார்கள், முன்பக்கம் போகப் பின்கதவு வழியே சுற்றினார்கள். ஆறு சலசலத்துக்கொண்டே இருந்தது. கல்வி அலுவலகத்து ஆள் வந்து, கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போனார். நவம்பரில் அந்த அறையில் இருபத்துநான்கு பேர் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்தில், சத்தம் கூடாதென்று நாட்டில் விமானங்களே பறக்காது; ஆற்றுக்கு யார் சொல்வது?

தேர்வுக்கு முந்தின நாள், எந்தப் படிப்பு வேண்டும் என்ற படிவத்தை டீச்சர் கேட்டார். நான்காம் வரிசையில் இருந்த தக் போராம், அம்மாவுக்காக எழுதியிருந்த ‘மருந்தியல்’ என்பதை அழித்துவிட்டு ‘கப்பல் எஞ்சின்’ என்று எழுதினாள். பின்கதவுக்குப் போகவில்லை. நேரே ஆற்றில் இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர். செருப்பில் ஒன்று நான்காம் வரிசைக் கரையிலேயே தங்கிவிட்டது. படிவத்தைக் கொடுத்து, கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தாள். அம்மாவின் பதில் வகுப்புக்கே கேட்டது.

“கப்பலா? தீவுக்குப் போற படகுலயே வாந்தி எடுக்கிற கழுத நீ!”

“வாளியோட போறேன்மா. எழுதிக் குடுத்தாச்சு.”

அந்த நிமிடம் ஆறு வாயை மூடியது. ஓடியது, சத்தமில்லை. மறுநாள் இருபத்துநான்கு பேரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தேர்வு எழுதினார்கள். புகார் எதுவும் பதிவாகவில்லை. அதற்கடுத்த நாள் காலை, சருகு அள்ளும்போது, முன்வரிசைக்கு மாறி உட்கார்ந்திருந்தவளிடம் டீச்சர் கேட்டார்:

“ஏம்மா போராம், உன் ஒத்தச் செருப்பு அங்கயே கெடக்கே, எடுத்துக்கலையா?”

“கெடக்கட்டும் டீச்சர். அந்தக் கரையில எனக்கு இனிமே வேலை இல்ல.”