குளி தெற்றியோ

"குளி தெற்றியோ?" என்று நர்ஸம்மா கேட்டபோது பூமாரிக்கு அவமானமாக இருந்தது. குளிக்காமல் வந்த அழுக்குப் பிறவி என்று நினைத்துவிட்டாளே.

"ஒருநாளும் தெத்தல, நர்ஸம்மா."

கோட்டயத்திலிருந்து புதிதாக வந்த நர்ஸம்மா தலையாட்டினாள். நோட்டில் ஏதோ எழுதி, சத்து மாத்திரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள அந்த ஏலத்தோட்டத்துக்கு மாதம் ஒருமுறைதான் டாக்டர் வருவார். நர்ஸம்மா எழுதிக் கொடுக்கும் ஆட்களை மட்டும் பார்ப்பார். பூமாரி மூன்று மாதம், நான்கு மாதம் விலக்காகாமல் இருப்பாள். வந்தால் இருபது நாளானாலும் நிற்காது. கழுத்து வேறு வீங்கிக்கொண்டே போனது. மாமியார் மாரித்தாய் இரண்டு முறை "எம் மருமவ முழுகாம இருக்கா" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி, இரண்டு முறையும் தலைகுனிந்தாள். இப்போது கோவில்பட்டியில் மகனுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று. புருஷன் சுடலைதான் ஒரு தவணை வாங்கியிருந்தான். "மதுர பெரியாஸ்பத்திரிக்கி டாக்டர் சீட்டு குடுத்தா கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா ஆத்தா சொல்றதுதான்."

வழியில் எதிர்ப்பட்ட கத்தரீனாளிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் நாகர்கோவில்காரி, மலையாளம் தெரியும். தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாசக்குளி, வெலக்கு தப்பிச்சான்னுல்லா கேட்டிருக்கா. ஓடு, டாக்டர் போயிருவாரு."

பூமாரி ஓடினாள். டாக்டரின் ஜீப் இறக்கத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெற்றி, நர்ஸம்மா. குளி தெற்றி."

நர்ஸம்மாவின் முகம் மலர்ந்தது. "எத்ர மாசம்?"

நான்கு விரலைக் காட்டினாள். கழுத்தையும் தொட்டுக் காட்டினாள். நர்ஸம்மா அதற்குள் குனிந்து சீட்டு எழுதத் தொடங்கிவிட்டாள். அந்தச் சீட்டை மதுரையையே கையில் வாங்கியதுபோல் மார்பில் வைத்துக்கொண்டு பூமாரி லயத்துக்கு வந்தாள். குழாயடியில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்தபடி, புருஷனும் மாமியாரும் பக்கத்தில் நிற்க, மலையாளம் வாசிக்கத் தெரிந்த கங்காணியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள்.

"நாலு மாசக் கர்ப்பம். பாரவேல குடுக்கக் கூடாதாம்."

பாழாய்ப்போன கர்ப்பம் என்ற அந்த வார்த்தைக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது. சுடலை சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

"அது அப்படியில்ல அத்த, நாஞ் சொல்ல வந்தது..."

"சும்மா இரு. நர்ஸம்மா தாளே சொல்லுது" என்றாள் மாரித்தாய். "இனி எதுக்கு மதுர?"

அப்போதுதான் பூமாரிக்கு நான்கு மாதமாக வராமலிருந்தது தொடையில் சூடாக இறங்கியது.

மாரித்தாய் அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா தாயி, மெதுவா நட" என்று முன்னே போனாள். பூமாரி சேலையை இறுக்கிப் பிடித்தபடி, ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் ஈரத்தரையில் நின்றுகொண்டிருந்தாள்.