பக்கத்து வீட்டு சுந்தரி சொன்னதாக

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் பதினேழாவது கட்டத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவில் நீங்களே கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதைவிட அது மேல்.

என் பெயர் திருமலை. ஊர் பாலசமுத்திரம், பிழைப்பு திருப்பதியில். வீட்டுக்கடன் கேட்பவர்கள், சொன்ன விலாசத்தில் உண்மையாகவே குடியிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. ஒரு வீட்டுக்கு நூற்றிருபது ரூபாய், பெட்ரோல் என் செலவு. பதினேழாவது கட்டத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அவர் கருத்து' என்று இருக்கும். நான் போவது பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில். அந்த நேரத்தில் பாதிக் கதவுகள் பூட்டியிருக்கும். இரண்டாம் முறை போனால் அதற்குத் தனிக் காசு கிடையாது.

அதனால் ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம், பூட்டிய கதவு ஒன்றின் எதிரே படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியை நானே உண்டாக்கினேன். சுந்தரி, வயது நாற்பத்திரண்டு, குடும்பத் தலைவி. "நல்லவங்க. வாடகை நேரத்துக்குக் குடுத்துடுவாங்க. யார் வம்புக்கும் போகமாட்டாங்க." அவர்களுக்குக் கடன் கிடைத்தது, எனக்கு நூற்றிருபது கிடைத்தது. அன்றிலிருந்து பூட்டிய கதவு எதைப் பார்த்தாலும் அதன் பின்னால் சுந்தரியைக் குடிவைத்தேன்.

(நான் கதையும் எழுதுகிறவன். வெறும் பெயரோடு ஒருத்தியை விட்டுவைக்க எனக்கு மனசு வராது. புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக், பிறந்த ஊர் நகரி, இடது மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு. இதில் தழும்பை மட்டும் எங்கேயும் எழுதியதில்லை. மனசிலேயே வைத்திருந்தேன்.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன்.

[தொடக்கம் ஒன்று: கிஷோரும் கலைவாணியும் கல்யாணமான மறுவருடமே ஒரு வீடு வாங்க முடிவு செய்தார்கள்—]

பொய். முடிவு செய்யவே இல்லை. அதுதான் கதையே.

[தொடக்கம் இரண்டு: இந்தக் காலத்து இளைஞர்கள் படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்கும் முன்பே வீட்டுக்கு—]

இது செய்தித்தாளின் நடுப்பக்கக் கட்டுரை. இப்படி ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், நானும் திருப்பிவிடுவேன்.

[தொடக்கம் மூன்று: அந்த வீட்டில் எனக்கு முன்பே யாரோ காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.]

இது இருக்கட்டும். இது நடந்தது.

3

திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை. கரகம்பாடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெரு, இரண்டாவது மாடி. கலைவாணி கதவைத் திறந்தாள். இருபத்தாறு வயது. ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட், மூன்று மணிக்கு மேல்தான் வேலை. புருஷன் கிஷோர் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். இரண்டு நிமிஷம் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

தரையில் இரண்டு டம்ளர். ஒன்று காலி. இன்னொன்றில் பாதி காபி.

"உக்காருங்க சார். உங்களுக்கு வேற போட்டுக்கினு வரேன்."

"நீங்க எந்தப் பக்கம்மா? பேச்சு நம்ம பக்கமா கீது."

"சத்தியவேடு பக்கம் சார்."

"நான் பாலசமுத்திரம்."

அவ்வளவுதான், சார் அண்ணாவாகிவிட்டது. கேட்காத விவரமெல்லாம் சொன்னாள். ஃபிளாட் இருபத்தேழு லட்சம், கடன் இருபத்தொரு லட்சம், தவணை பதினெட்டாயிரத்துச் சொச்சம். இருவர் சம்பளமும் சேர்ந்து நாற்பத்தைந்தாயிரத்து ஐநூறு. அதற்கு மேல் அவளுடைய பி.ஃபார்ம் படிப்புக் கடன் இன்னும் ஐந்து லட்சம் பாக்கி, அதற்கு மாதம் ஏழாயிரத்து எண்ணூறு.

"படிச்சி முடிச்சி ஒன்பது மாசம் வேலை கெடைக்கலணா. தவணை நின்னுச்சி. பேங்குக்காரங்க நைனாகிட்ட வந்துக்கினே இருந்தாங்க. கடைசியா வந்தப்ப நைனா நாத்து நட்டுக்கினு இருந்தாரு. வரப்புல நின்னுக்கினே கேட்டாங்க. கூட நட்ட அத்தன பேரும் பாத்தாங்க. அதுக்கப்புறம் நைனா எங்கிட்ட லோன் பத்தி ஒரு வார்த்த பேசல."

"அப்ப வாணாம்னு விட்டுட வேண்டியதுதானேமா?"

"எப்படிணா விடறது? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க. தரிசனத்துக்கு வரவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா நாங்க குடுக்கற எட்டாயிரத்து ஐநூறு ஒரே வாரத்துல வந்துடுதாம். வேற எங்க கேட்டாலும் பன்னெண்டாயிரம்ன்றாங்க. பன்னெண்டு குடுத்துக்கினு, படிப்பு லோனும் கட்டிக்கினு இருந்தா, எப்ப சொந்தமா ஒரு வீடு? முன்பணத்துக்கு என் செயினையும் வெச்சாச்சி."

அப்போது கிஷோர் அவள் செல்போன் திரையில் வந்தான். தலையில் நீலத் தொப்பி, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தான்.

"அண்ணா, அந்த ஃபிளாட் பால்கனில நின்னா மலை தெரியுதுணா. மலை தெரியாத பக்கம் வாங்கினா ரெண்டு லட்சம் கம்மி, ஆனா எனக்கு மனசு வரல. ரெண்டு பேரும் சம்பாதிக்கறோம், பர்வாலேது, சமாளிச்சிக்கலாம்."

"உங்க காண்ட்ராக்ட் எப்ப முடியுது?"

"மார்ச்ல. திரும்பப் போட்டுடுவாங்க."

"போன மார்ச்ல எத்தன பேருக்குப் போட்டாங்க?"

அவன் பக்கவாட்டில் பார்த்தான். "பாதிப் பேருக்கு," என்றான். ஷிப்டு மணி அடித்தது, போய்விட்டான்.

எனக்கு இருவரையும் பிடித்துப்போனது. நான் கடன் கொடுப்பவனாக இருந்தால் கொடுத்திருப்பேன். அவள் அண்ணனாக இருந்தால் கொடுக்கவிட்டிருக்க மாட்டேன்.

"பக்கத்துல யாராவது இருந்தா ஒரு வார்த்த கேட்டு எழுதணும்மா."

"எதிர்வீட்டு சுந்தரி அக்கா கீறாங்களே. மத்தியானத்துல வருவாங்க. இதோ, நீங்க படி ஏறி வரப்பதான் எழுந்து போனாங்க." பாதி காபியைக் காட்டினாள். "நீங்க வரப்போறது அவங்களுக்குத் தெரியும்ணா. 'நீ கவலப்படாத, நல்லவங்க, யார் வம்புக்கும் போகமாட்டாங்கன்னு நான் சொல்லிடறேன்'னாங்க."

சுந்தரி என்ற பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அவங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"டிப்போல மெக்கானிக்கு. நகரிக்காரங்க. பாவம், குக்கர் சுட்டு எடது கையில இம்மாம் பெரிய தழும்பு. ஏன்ணா, உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

4

எதிர்வீட்டுக் கதவில் பூட்டு. பூட்டின் மேல் தூசு, தூசின் மேல் சிலந்தி நூல். கீழே வீட்டுக்காரம்மா வெங்கடலட்சுமியைக் கேட்டேன்.

"அதி காளி பாபு, காலி வீடு. நாலு மாசமா பூட்டுதான். ஏசி மாட்டறதுக்கு ஆளு வரல. சாவி இதோ, எங்கிட்டதான் கீது."

இந்த இடத்தில் ஆசிரியனாக எனக்குச் சந்தேகம் வந்தது, சுந்தரி மேல் அல்ல, கலைவாணி மேல். மத்தியானம் முழுக்கத் தனியாக இருக்கும் பெண். தைரியம் சொல்ல ஆள் இல்லாதவள் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். நானே செய்தவன்தானே. ஆனால் நான் காகிதத்தில்கூட எழுதாத தழும்பை அவள் எங்கிருந்து கற்பனை செய்தாள்?*

* தழும்பை யாரிடமாவது சொன்னேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லவில்லை. எனக்குக் குடிப்பழக்கமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில், ஆறு வருடத்தில் முதல் தடவையாக, பதினேழாவது கட்டத்தில் உண்மையை எழுதினேன்: 'பக்கத்து வீடு காலி. யாரையும் சந்திக்கவில்லை.' எங்கள் ஏஜென்சி நடத்தும் ரகுவுக்கு அனுப்பினேன். இப்படி எழுதினால் மனு தள்ளிப்போகும். ஒரு வாரம் தள்ளிப்போனால் அவர்கள் இன்னொரு தடவை யோசிப்பார்கள். நான் செய்தது அவ்வளவுதான், அதற்கே மனசு லேசானது.

பிறகு என் பழைய நகல்களை எடுத்து எண்ணினேன். சுந்தரி சாட்சி சொன்ன வீடுகள் நாற்பத்தொன்று.

5

அன்று மத்தியானமே சித்தூருக்குப் போனேன். பட்டியலில் இருந்த யமுனாவின் வீடு. நர்சிங் படித்தவள், படிப்புக் கடன் இருக்கும்போதே மூன்று வருடங்களுக்கு முன் ஃபிளாட் வாங்கியவள். கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகளில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பது.

"இதுக்கு முன்னாடி வாடகை வீட்டுல இருந்தப்ப, சுந்தரின்னு யாராவது..." என்று இழுத்தேன்.

பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சுந்தரி அக்காவா? அவங்கதான் தெகிரியம் சொன்னாங்க. தவணை ஜாஸ்தியா கீதேன்னா, வாங்கிக்கன்னாங்க. அம்மாக்கு ஆபரேஷன் கீதேன்னா, வாங்கிக்கன்னாங்க. தவணை நின்னதும் வரதையும் நிறுத்திட்டாங்க. எங்க கீறாங்க அவங்க? தெரிஞ்சா சொல்லுங்க சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"என்னது?"

"ஒரு தடவையாவது வாணாம்னு ஏன் சொல்லல?"

எனக்குப் பதில் தெரியும். சுந்தரிக்கு அந்த வார்த்தையை நான் கொடுக்கவே இல்லை. ஆறு வருடமாக மூன்றே வாக்கியம் கொடுத்தேன், மூன்றும் சரி என்பவை. அவள் பாவம், இருப்பதை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஆறுதல் சொன்னாள். யமுனா கொடுத்த தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடவில்லை.

6

முடிவுகள்.

அ) சுந்தரியை வேண்டாம் என்று சொல்லவைப்பது. நான்தானே எழுதுகிறேன். எழுதிப் பார்த்தேன்.

[சுந்தரி கலைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப இது உங்களுக்கு—]

[சுந்தரி சொன்னாள்: "மார்ச் வரைக்கும் பொறுத்து—]

["வாண—]

இவற்றை நான் முடிக்கவில்லை என்பது சரியில்லை. முடித்தேன், திரும்பிப் படிக்கும்போது அங்கே 'வாங்கிக்க' என்று இருந்தது. கையால் எழுதியும் பார்த்தேன், அதிலும் அதேதான்.

ஆ) கிஷோருக்கு மார்ச்சில் வேலை நிரந்தரமாகிறது. பால்கனியில் பால் காய்ச்சுகிறார்கள், மலை தெரிகிறது. இப்படியும் நடக்கும், பாதிப் பேருக்கு நடக்கிறது. கலைவாணியின் அப்பா முதல் தடவையாகத் திருப்பதிக்கு வந்து மகள் வீட்டில் உட்கார்ந்து—

இதை முடிக்க ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருப்பதால்தான் நிறுத்துகிறேன்.

இ) நடந்தது. புதன்கிழமை, அதாவது இன்று, பகல் பதினொன்றரைக்கு ரகு கூப்பிட்டான்.

"அந்த கரகம்பாடி ரோடு கேஸ் சாங்ஷன் ஆயிடுச்சி. நாளைக்குக் கையெழுத்து. நல்ல வேளை, நேத்து நீ திரும்பப் போய் பதினேழ ஃபில் பண்ண."

"நான் போகலையே."

"ஆமா, உன் பேய் போச்சி. உன் நம்பர்லருந்துதான் வந்துச்சி. மணி ஒண்ணு நாப்பது. சுந்தரி, நாப்பத்திரெண்டு வயசு, நல்லவங்க, யார் வம்புக்கும் போகமாட்டாங்க. ஏம்பா, எல்லாக் கேசுலயும் இதே பேர எழுதறியே, ஒரு நாளைக்கு மாட்டிக்கப்போற." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

என் செல்போனைப் பார்த்தேன். அனுப்பியது இருந்தது. ரகுவே ஏதோ செய்து என்னைச் சீண்டுகிறான் என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். நானும் பன்னிரண்டே கால் வரை அப்படித்தான் நினைத்தேன்.

7

பன்னிரண்டே காலுக்குக் கலைவாணி கூப்பிட்டாள். இப்போதும் லைனில்தான் இருக்கிறாள். நான் இந்தக் கடைசிப் பகுதியை ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணா, நாளைக்குக் காலைல பத்தரைக்குக் கையெழுத்து. ராத்திரி முழுக்க தூக்கம் வரல. அவரு வாங்கலாம்ன்றாரு. பில்டர் வாங்குன்றாரு. சுந்தரி அக்காவும் வாங்கிக்கன்றாங்க. நைனாவக் கேட்டா 'உன் இஷ்டம்'னு வெச்சிட்டாரு. நீங்க எத்தன வீடு பாத்தீங்க. எங்களால முடியுமா முடியாதா, ஒரு வார்த்த சொல்லுங்க. வாணாம்னா வாணாம்னே சொல்லுங்க. நான் அழமாட்டேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மார்ச் வரை பொறு, வாடகை பன்னிரண்டானாலும் போகட்டும், படிப்புக் கடன் கொஞ்சம் இறங்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். என் காதில் விழுந்த என் குரல் இது:

"நீங்க நல்லவங்கமா. யார் வம்புக்கும் போகமாட்டீங்க. வாங்கிக்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றேன். அதே வாக்கியம். மூன்றாம் முறை முயல எனக்குத் துணிவில்லை.

"நீங்களும் அக்கா மாதிரியே சொல்றீங்கணா," என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "அக்கா இங்கதான் கீறாங்க. உங்ககிட்ட பேசணுமாம். குடுக்கட்டா?"

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். இவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். சம்பளம் தெரியும், மாதக் கடைசி தெரியும், மார்ச் தெரியும், வரப்பில் நின்று கேட்டதும் தெரியும். வாங்கு என்பீர்களோ வேண்டாம் என்பீர்களோ, அதில் நான் தலையிடவில்லை. உங்கள் வாயிலிருந்து வருவது உங்கள் வார்த்தையாக இருந்தால் போதும்.

அந்தப் பக்கம் ஃபோன் கை மாறுகிறது. வளையல் சத்தம் கேட்கிறது. அவள் ஆரம்பிப்பதற்குள் பேசுங்கள்.