சாவடிக்கு வைத்த முப்பது

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் லெப்டொப்பைத் திறந்து காட்டச் சொல்வான். திரை எரிந்தால் அது கணினி, எரியாவிட்டால் குண்டு. 2008இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போகிறவனுக்கு வேறு சட்டம் தெரிய வேண்டியதில்லை.

நேசதுரை அடிக்கடி கடந்தான். செல் விழுந்து இடிந்த வீடுகளின் விபரத்தை ஊர் ஊராகப் பதிந்து ஒரு நிவாரண நிறுவனத்துக்குக் கொடுப்பது அவன் வேலை. அவர்கள் தந்த பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர், களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ரேடியோ திருத்தும் ஆதம்பாவா.

ஊரில் மின்சாரம் இல்லை. மனைவி இராசாத்தி வயல் வட்டையில் நெல் மூட்டை சுமந்தாள். வயல்காரப் போடியாரிடம் கெஞ்சி, வேலை முடிந்தபின் உழவு மெசினின் பற்றரியைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். ஆதம்பாவா கொடுத்த இன்வேட்டர்ப் பெட்டி வழியாக லெப்டொப் அதில்தான் சார்ஜ் ஏறியது. சார்ஜர் வீட்டிலேயே கிடக்கும். வயர்க்கட்டோடு சாவடிக்குப் போக யாருக்குப் பைத்தியம்?

ஆகவே அவன் சிக்கனம் பிடித்தான். திரை வெளிச்சத்தைக் கண் வலிக்குமளவு குறைத்தான். படங்கள் எதுவும் ஏறாமல், கறுப்புத் திரையில் வெறும் எழுத்தில் வேலை செய்தான். பற்றரி முப்பது வீதத்துக்கு இறங்கியதும் தானாக அணையும்படி செய்து வைத்தான். அந்த முப்பது சாவடிக்கு.

"மெசினுக்கு முப்பது மிச்சம் வைக்கிறீங்க. எனக்குப் பானையில ஒரு பருக்கையும் வைக்கிறயில்ல," என்பாள் இராசாத்தி.

"நீ பட்டினி கிடந்தா ஏசுவாய். அது பட்டினி கிடந்தா என்னைக் கொண்டு போயிருவாங்க புள்ள."

ஆதம்பாவா ஒருநாள் பற்றரியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"மச்சான், இத எப்பவாவது முழுசா இறக்கினயா?"

"எப்பிடி இறக்குற? முப்பதுல நிப்பாட்டிருவன்."

"அதான் பிழை. பற்றரி கிழண்டு போச்சு, கணக்கு மட்டும் பழைய கணக்கு. அடிமட்டத்தக் கண்டாத்தான் அதுக்குத் தன்ட அளவு விளங்கும். ஒருக்கா முழுசா இறக்கி, மறுகா முழுசா ஏத்து. இப்ப அது முப்பதெண்டு சொல்றது பொய்யாவும் இருக்கும்."

"முழுசா ஏத்த உழவு மெசின் பற்றரி ஒரு நாள் முழுக்க வேணும். வட்டையில நெல்லுச் சூடடிப்பு முடியட்டும்."

சூடடிப்பு முடியுமுன்பே நிறுவனம் கூப்பிட்டது. அவன் கடைசி விபரங்களைப் பதிந்தான். முப்பதில் லெப்டொப் அணைந்தது. பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாறன்," என்று துறைக்கு நடந்தான்.

நடந்ததை அதே படகில் போன ஊர்க்காரி கண்ணகை வந்து இராசாத்தியிடம் சொன்னாள். சாவடியில் நேசதுரை பொத்தானை அமுக்கினான். வெள்ளை எழுத்துகள் நாலைந்து வரி ஓடின. பிறகு திரை செத்தது.

"ஆயெத்," என்றான் ஆமிக்காரன் சிங்களத்தில், அதாவது மறுபடியும்.

மறுபடியும் அமுக்கினான். எரியவில்லை. கரண்ட் தந்தால் எரியும் என்று கைகூப்பிச் சொன்னான். மற்றவர்களைத் தூரத் துரத்தினார்கள்.

"மண்ணில முழங்கால் போட வச்சாங்க கா. மறுகா வாகனத்துல ஏத்தினதக் கண்டன்," என்றாள் கண்ணகை.

இராசாத்தி அழுதது கொஞ்சம்தான். சார்ஜரை எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அடுத்த படகில் ஏறினாள். சாவடியில் அவனுமில்லை, லெப்டொப்புமில்லை. ஆமி முகாமுக்குப் போகச் சொன்னார்கள். போனாள்.

முகாம் வாசலில் பட்டப்பகலில் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. காவலறையில் ஆளில்லாத கதிரைக்கு மேலே மின்விசிறி சுழன்றது.

"அப்படி ஒருத்தரும் இங்க இல்ல," என்றான் தமிழ் தெரிந்த ஒருவன்.

"மெசினையாவது கொண்டு வாங்க ஐயா. சார்ஜர் கொண்டு வந்திருக்கன். போட்டுப் பாருங்க, எரியும். குண்டு இல்ல எண்டு தெரியும். மறுகா அவர விட்டிருங்க."

"மெசினும் இல்ல. போ."

அவள் போகவில்லை. சுவரில் இருந்த பிளக் பொயின்ற்றுகளைக் காட்டினாள்.

"அதுல ஒண்டு சும்மாதானே ஐயா கிடக்கு."

அவன் கதவைச் சாத்தினான். வாசல் பல்புகள் அப்போதும் எரிந்துகொண்டிருந்தன.